பட்டியலில் இல்லாத குடம்

சென்ற ஆண்டு என் மகள் தன் கணவருடனும் குழந்தையுடனும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் குடியேறினாள். விமானத்தில் எடுத்துச் செல்ல இயலாத வீட்டுச் சாமான்களைப் பதினான்கு பெட்டிகளில் கட்டி, தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாகக் கப்பலில் அனுப்பி வைத்தோம். அவள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழிந்தும் பெட்டிகள் போய்ச் சேரவில்லை. ஒருநாள் இரவு தொலைபேசியில் பேசியபோது, "அம்மா, நம் பெட்டிகள் இப்போது கொழும்பில் இருக்கின்றனவாம்" என்றாள்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தூத்துக்குடியிலிருந்து தொலைநாடுகளுக்குச் செல்லும் சரக்குப் பெட்டகங்கள் பல, கொழும்பில் இறக்கப்பட்டுப் பெருங்கப்பல்களில் ஏற்றப்படுவது வழக்கம். எங்கே நிற்கிறது, என்று புறப்படும் என்பதையெல்லாம் அவள் தன் கைபேசியிலேயே பார்த்துக்கொள்கிறாள். ஆயினும் அவள் குரலில் ஒரு சோர்வு இருந்தது. "வீடு இருக்கிறது, ஆனால் குடியிருப்பதுபோல் இல்லை. சாமான் வந்தால்தான் வீடாகும்" என்று அவள் சொன்னபோது நான் சிறிது நேரம் பேசாதிருந்தேன். ஏனெனில் இதே சொற்களை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன், இராஜபாளையத்தில் ஓர் ஓட்டு வீட்டின் அடுப்படியில் நின்றுகொண்டு என் தாய் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் பெட்டிகளும் அன்று இலங்கையிலிருந்துதான் வரவேண்டியிருந்தன.

அக்கதையை இதுவரை நான் எழுதியதில்லை. இப்போது எழுதத் தோன்றுகிறது.

இலங்கையின் மலைநாட்டில் அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்தேன். என் தாத்தாவின் தகப்பனார் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியிலிருந்து பிழைப்புக்காகக் கடல் கடந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், நோயினால் காப்பிச்செடிகள் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் அவ்வாறு சென்றவர்கள் இலட்சக்கணக்கானோர். காட்டைத் திருத்தியவர்களும் கொழுந்து பறித்தவர்களும் அவர்களே. ஆனால் அந்நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவராக்கிவிட்டது.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அதன்படி, நாடற்றோராய் இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974ஆம் ஆண்டு சனவரியில் தீர்மானிக்கப்பட்டது. மண்ணையும் நீரையும் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்ட கணக்கு அது. அந்த 1964ஆம் ஆண்டில் பிறந்தவள் நான்.

தலைவர்கள் எண்ணிக்கையைப் பிரித்தார்கள். எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் என்பதை விண்ணப்பத் தாள்கள் பிரித்தன. என் தந்தை இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். அவருடைய ஒரே தமக்கையின், அதாவது என் அத்தையின் கணவர், "என் தாய் தகப்பனைப் புதைத்த மண் இது" என்று சொல்லி இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரே லயத்தில், காம்பரா என்று நாங்கள் அழைத்த அடுத்தடுத்த இரண்டு அறைகளில் வாழ்ந்த அக்காளும் தம்பியும் வெவ்வேறு நாட்டவராயினர். இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததன்று. எங்கள் லயத்திலேயே இப்படிப் பிரிந்த வீடுகள் வேறும் இருந்தன.

1973, 1974ஆம் ஆண்டுகளில் இலங்கையில் கடும் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. தோட்டங்களில் பட்டினியால் மாண்டவர்களும் உண்டு. மாவும் அரிசியும் கிடைக்காத அந்நாள்களில், இனியும் காத்திருத்தல் ஆகாது என்று தந்தை முடிவு செய்தார். 1974ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாங்கள் புறப்பட்டோம். தந்தை, தாய், கைக்குழந்தையாய் இருந்த என் தம்பி, நான், எங்கள் அப்பத்தா ஆகிய ஐவர். தனக்கு மகன் பக்கமா, மகள் பக்கமா என்று கேட்கப்பட்டபோது அப்பத்தா மகன் பக்கம் நின்றார். "மகள் பின்னாலேயே வந்துவிடுவாள்" என்று உறுதியாக நம்பினார். ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்று அவருக்கு எடுத்துச் சொல்லும் துணிவு வீட்டில் யாருக்கும் இல்லை.

தேயிலை ஏற்றுமதிக்காகச் செய்யப்படும் பலகைப்பெட்டிகளில் மூன்றைத் தந்தை விலைக்கு வாங்கி வந்தார். மூலைகளில் தகரப்பட்டை அடித்து, உட்புறம் ஈயத்தாள் ஒட்டிய பெட்டிகள் அவை. தாய் குழந்தையோடு இருந்தமையால் பெட்டி அடுக்கும் வேலை முழுவதையும் அத்தைதான் செய்தார். அவர் ஒவ்வொரு பொருளாக எடுத்துச் சொல்ல, தந்தை சுங்கத்தில் காட்டுவதற்காகப் பட்டியல் எழுதினார். கம்பளி நான்கு, கையால் சுற்றும் தையல் இயந்திரம் ஒன்று, பித்தளை அண்டா ஒன்று, அரிவாள்மனை ஒன்று, தேங்காய் துருவி ஒன்று, சுவர்க்கடிகாரம் ஒன்று, சட்டமிட்ட படம் இரண்டு, வெற்றிலை இடிக்கும் உரல் உலக்கையுடன் ஒன்று என அது நீண்டது. மொத்தம் முப்பத்தொரு பொருள்கள். அப்பட்டியலின் படி ஒன்றைத் தந்தை தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெட்டிகளுக்கு ஆணி அறைந்தவரும் அத்தையே. கடைசிப் பெட்டியை மட்டும், "பிள்ளைகள் தூங்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி நள்ளிரவுக்குப் பின் அறைந்தார்.

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு எங்களைப் போன்றோரை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயர். அந்நாட்டில் புகைவண்டியைக் கோச்சி என்பார்கள். வண்டி நகரும்போது நிலையம் முழுவதும் ஒரே குரலாக அழுததை இன்றும் நான் மறக்கவில்லை. அத்தை மட்டும் அழவில்லை. சன்னலோரம் வந்து நின்று தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "பெட்டி போய்ச் சேர்ந்ததும் ஒரு கடுதாசி போடு, தம்பி" என்றார். அப்பத்தா, "அடுத்த கப்பலுக்கு நீயும் வந்திரு" என்றார். அத்தை தலையை அசைத்தார். ஆம் என்றா, இல்லை என்றா என்பது எனக்குத் தெரியவில்லை.

அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் சில மணி நேரத்தில் இராமேஸ்வரம். பின்பு மண்டபம் முகாம். நாங்கள் வந்துவிட்டோம். கனத்த சாமான்கள் பின்னால் தனியே வரும் என்றார்கள். அவை வரவேண்டிய வழியைத் தந்தை எனக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். தோட்டத்து லாரியிலிருந்து கோச்சிக்கு. கோச்சியிலிருந்து கப்பல் துறைக்கு. கப்பலிலிருந்து இராமேஸ்வரம் கரைக்கு. அங்கிருந்து பாம்பன் பாலம் கடந்து வரும் வண்டிக்கு. பிறகு விருதுநகரில் வேறு வண்டிக்கு. அத்தனை கைகள் மாறியபின்தான் ஸ்ரீவில்லிபுத்தூர். பெட்டிகளின்மேல் கறுப்பு மையால் எழுதப்பட்டிருந்த ஊர் அதுவே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தாத்தாவின் வழி உறவினர் ஒருவர் வீட்டில் முதலில் தங்கினோம். மூன்று தலைமுறைக்குப் பின் வந்த உறவு அது. அவர்கள் நல்லவர்கள். ஆனால் 'சிலோன்காரர்கள்' என்றால் செல்வத்தோடு வருவார்கள் என்ற எண்ணம் அத்தெருவில் இருந்தது. எங்களைக் காணும் ஒவ்வொருவரும், "பெட்டி வந்துவிட்டதா?" என்றே கேட்டனர். அப்பெட்டியில் இருந்தது பழைய கம்பளியும் அண்டாவும் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. நாங்கள் மறைக்கிறோம் என்று நினைத்தார்கள். பெட்டி வர வர மதிப்புக் கூடும் என்ற நிலைமை மாறி, பெட்டி வராதிருக்க வராதிருக்கச் சோற்றின் அளவு குறைவதை நான் சிறுமியாயினும் உணர்ந்தேன்.

தாயகம் திரும்பியோருக்கு நூற்பாலைகளில் வேலை கொடுக்கும் மறுவாழ்வுத் திட்டம் அப்போது நடைபெற்று வந்தது. அதன் பயனாகத் தந்தைக்கு இராஜபாளையத்தில் ஓர் ஆலையில் வேலை கிடைத்தது. 1936ஆம் ஆண்டில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்தே அவ்வூர் நூலால் வளர்ந்த ஊர். கவ்வாத்துக் கத்தி பிடித்த கையால் அறுந்த நூலை முடியக் கற்றுக்கொண்டார் தந்தை. விடியற்காலையில் தோட்டத்தில் பெரட்டுக்கு அடிக்கும் தப்பு ஒலிக்குப் பதிலாக ஆலைச் சங்கு எங்களை எழுப்பிற்று.

இராஜபாளையத்திற்கு மேற்கே மலை உண்டு. முதல்நாள் காலையில் வாசலில் நின்ற அப்பத்தா அம்மலையைக் கண்டு முகம் மலர்ந்து, "ஏப்பா, நம்ம தோட்டம் அந்த மலைக்கு அங்கிட்டுத்தானே இருக்கு?" என்று கேட்டார். "இல்லை ஆத்தா, அதற்கு அப்பால் கேரளம்" என்றார் தந்தை. அப்பத்தா அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. நாள்தோறும் மாலையில் வாசற்படியில் அமர்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருப்பார். பல்லில்லாத அவர், உரல் இல்லாமையால் வெற்றிலையையும் பாக்கையும் படிக்கல்லின்மேல் வைத்து ஒரு கூழாங்கல்லால் நசுக்கி மெல்லுவார்.

என் தாய் ஓர் அலுமினியச் சட்டியில் சோறாக்கி இறக்கி, அதே சட்டியைக் கழுவிக் குழம்பு வைப்பார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா இரண்டு பாத்திரங்களைக் கொண்டுவந்து கொடுத்தபோது, "வேண்டாம் அக்கா, எங்கள் பெட்டி வந்துவிடும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சந்தையில் ஒரு மண்பானை வாங்கவும் மனம் ஒப்பவில்லை. வாங்கினால் பெட்டி வராது என்று ஒப்புக்கொண்டதாகும் என்பது அவருடைய எண்ணம். பாயும் வாங்கவில்லை. சுவரில் ஆணி அடித்துப் படம் மாட்டவும் இல்லை. என்னைப் பள்ளியில் சேர்ப்பதுகூட, என் தோட்டத்துப் பள்ளிப் புத்தகங்களும் சான்றும் பெட்டியில் இருக்கின்றன என்று தள்ளிப் போடப்பட்டது. "பெட்டி வரட்டும்" என்ற சொல்லே எங்கள் வீட்டின் நாள்காட்டியாயிற்று.

பெட்டிகளின்மேல் எழுதியிருந்ததோ ஸ்ரீவில்லிபுத்தூர். நாங்கள் இருந்ததோ இராஜபாளையம். இடையே ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். யாருமில்லாத நேரத்தில் பெட்டி வந்து வேறெங்கேனும் போய்விடுமோ என்ற அச்சம் தந்தைக்கு. வாடகைக்கு ஒரு மிதிவண்டி எடுத்து, என்னைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, ஞாயிறுதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் புகைவண்டி நிலையத்துக்குச் செல்வார். ஆண்டாள் கோயில் கோபுரம் தொலைவில் தெரியத் தொடங்கியதும், "பாதி வழி வந்துவிட்டோம்" என்பார். நிலையத்தில் சரக்குப் பகுதியில் இருந்த எழுத்தர் கனிவானவர். எங்களைக் கண்டதுமே ஏட்டைப் புரட்டத் தொடங்கிவிடுவார். புரட்டி முடித்து, "அடுத்த வாரம் பாருங்கள், ஐயா" என்பார். திரும்பும் வழியில் தந்தை எனக்குக் கால் ரூபாய்க்குப் பால்கோவா வாங்கித் தருவார். அவர் உண்ணமாட்டார்.

வீடு திரும்பியதும் அப்பத்தா என்னை அழைத்து அந்தப் பட்டியலைப் படிக்கச் சொல்வார். கம்பளி நான்கு, தையல் இயந்திரம் ஒன்று என்று நான் படிக்கப் படிக்க, அவர் தலையை அசைத்துக்கொண்டே கேட்பார். முப்பத்தொன்றும் முடிந்தபின், "இம்புட்டுத்தானா?" என்பார். வேறென்ன இருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் காத்திருந்தது உரலுக்காக என்றே வீட்டில் அனைவரும் நினைத்திருந்தோம்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிறன்று எழுத்தர் ஏட்டைத் திறக்காமலே எழுந்து வந்து தந்தையின் தோளைத் தட்டினார். மூன்று பெட்டிகளும் வந்திருந்தன. மாட்டு வண்டி ஒன்றை அமர்த்தி, மாலைக்குள் இராஜபாளையம் கொண்டுவந்து சேர்த்தோம். தெருவே கூடிவிட்டது. ஒரு பெட்டியின் மூலைத் தகரம் பிரிந்து பலகை பிளந்திருந்தது. அதிலிருந்த சுவர்க்கடிகாரமும் அரிவாள்மனையும் இல்லை. அத்தனை தூரத்தில், அத்தனை கைகளில் எங்கே விழுந்தனவோ, யாரறிவார்? இடம்பெயர்ந்தவர்கள் இலட்சக்கணக்கானோர், இரண்டு பொருள்களோடு எங்கள் இழப்பு முடிந்ததே பெரிது என்றார் தந்தை.

முதற்பெட்டியைத் திறந்ததும் தேயிலை மணம் வீடெங்கும் பரவிற்று. தாய் அப்போதுதான் முதன்முறையாக அழுதார். ஆனால் அத்தனை நாள் எதிர்பார்த்த பொருள்களைத் தரையில் பரப்பியபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. நான்கு கம்பளிகளும் இராஜபாளையத்து வெயிலில் எதற்கும் உதவா. கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கையும் அத்தை கருத்தாக மடித்து வைத்திருந்தார். அதைக் கண்டு தாயும் பெரியம்மாவும் சிரித்துவிட்டனர். ஐந்து மாதம் எங்கள் வாழ்வையே நிறுத்தி வைத்த பொருள்கள் இவைதாமா என்று எனக்கே தோன்றிற்று.

கடைசிப் பெட்டியின் அடியில் ஒரு கம்பளிச் சுருள் கனமாக இருந்தது. பிரித்தால், உள்ளே ஒரு பித்தளைக் குடம். வாய்வரை தேயிலை நிரப்பித் துணியால் கட்டப்பட்டிருந்தது. தந்தை பட்டியலை எடுத்துப் பார்த்தார். அதில் குடம் இல்லை. அப்பத்தா குடத்தை வாங்கித் திருப்பினார். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக அத்தையின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. அத்தையின் திருமணத்தில் அப்பத்தா சீராகக் கொடுத்த குடம் அது.

அப்பத்தா நெடுநேரம் அந்த எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அதைப் படித்துவிட்டார். பின்னால் வரப்போகிற மகள், தன் சீர்க்குடத்தை முன்னால் அனுப்பமாட்டாள். "அவ வரமாட்டா" என்றார். பிறகு தந்தையைப் பார்த்து, "இந்தக் குடத்தப் பத்தி அவளுக்கு ஒண்ணும் எழுதாத. எழுதினா நாம வாங்கிக்கிட்டதா ஆயிரும். அவளே வந்து எடுத்துக்கிடட்டும்" என்றார். குடத்தைப் பரணில் ஏற்றச் சொன்னார். ஒருநாளும் அதில் தண்ணீர் எடுக்க விட்டதில்லை.

மறுநாள் தாய் பெரியம்மாவிடம் சென்று அந்த இரண்டு பாத்திரங்களையும் கேட்டு வாங்கிவந்தார். அந்த வாரமே சந்தையில் மண்பானை வாங்கினோம். சுவரில் ஆணி அடித்தோம். என்னைப் பள்ளியில் சேர்த்தார்கள். அன்றுதான் நாங்கள் இராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தோம் என்பேன்.

தந்தை அத்தைக்குக் கடிதம் எழுதினார். பெட்டிகள் வந்தன, ஒன்று உடைந்திருந்தது, இரண்டொரு பொருள்கள் இல்லை என்று எழுதினார். தாயின் சொல்லைத் தட்டாமல் குடத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அத்தையிடமிருந்து பதில் வந்தது. அவரும் எழுத்தறியாதவர், பிறரைக் கொண்டு எழுதுவிப்பார். "எல்லாச் சாமானும் சரியாக இருந்ததா?" என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. அடுத்த கடிதத்திலும் அதே கேள்வி இருந்தது. தந்தை, "பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் இருந்தன" என்று பதில் எழுதினார். அதன்பின் அத்தை கேட்கவில்லை.

1982ஆம் ஆண்டில் அப்பத்தா காலமானார். மறு ஆண்டு சூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராகப் பெருங்கலவரம் மூண்டது. அத்தை குடும்பம் தோட்டத்தை விட்டு எங்கோ இடம்பெயர்ந்தது. எங்கள் கடிதங்கள் திரும்பி வந்தன. 1984ஆம் ஆண்டில் இராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலும் நின்றுபோயிற்று. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்தோர் பலர் அக்கரையிலேயே தங்கிவிட நேர்ந்தது. அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. இரு நாடுகளுக்கும் இடையே மக்கள் செல்லும் கப்பல் ஒன்று 2023ஆம் ஆண்டு அக்டோபரில் ஓடத் தொடங்கியது. அதுவும் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு. தந்தை அதற்கெல்லாம் முன்பே, தமக்கையை மீண்டும் காணாமலே மறைந்தார்.

வெளிநாட்டில் வேலை செய்யும் ஓர் உறவுப் பையன் வழியாக, 2013ஆம் ஆண்டில் அத்தையின் இருப்பிடம் தெரியவந்தது. கலவரம் அடங்கியபின் பழைய தோட்டத்துக்கே திரும்பி வந்திருந்தார். அடுத்த ஆண்டு நான் மதுரையிலிருந்து விமானத்தில் கொழும்பு சென்று, அங்கிருந்து கோச்சியில் அட்டன் போனேன். மதுரையிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரம்தான். நாற்பது ஆண்டுகள் கடக்க முடியாதிருந்த தூரம் அவ்வளவே.

அத்தைக்கு அப்போது எண்பது வயது. கண்பார்வை மங்கியிருந்தது. என் முகத்தைத் தடவிப் பார்த்தார். நான் யாரென்று சொன்னதும், தம்பியைப் பற்றிக் கேட்பார், தாயைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் அருகில் குனிந்து, வீட்டில் பிறர் காதில் விழாத குரலில் கேட்டார்: "அந்தக் குடம் வந்து சேர்ந்துச்சா, தாயி?"

எனக்குப் பேச்சு எழவில்லை. தலையை மட்டும் அசைத்தேன். அவருக்குக் கண் தெரியாது என்பது நினைவுக்கு வந்து, "வந்தது அத்தை, ஒடுக்கு ஒன்றும் இல்லாமல் வந்தது" என்றேன்.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். சிறிது நேரம் கழித்துத்தான் சொன்னார். கணவருக்குத் தெரியாமல் அதைப் பெட்டியில் வைத்தாராம். கடிதம் எழுதுவதும் படிப்பதும் பிறர் கையில் இருந்தமையால் வெளிப்படையாகக் கேட்க முடியவில்லையாம். பெட்டி ஒன்று உடைந்தது, பொருள்கள் விழுந்தன என்று தந்தை எழுதியதைக் கேட்டபோது, விழுந்தது குடம்தான் என்று முடிவு செய்துவிட்டாராம். "ஆத்தாளுக்குன்னு நான் குடுத்து விட்டது அது ஒண்ணுதான். அதுவும் கடல்ல போயிருச்சேன்னு நாப்பது வருசம் நெனச்சிட்டேன்" என்றார். அப்பத்தா சொன்னதையும், குடம் பரணில் இருந்ததையும், நாள்தோறும் அவர் நிமிர்ந்து பார்த்ததையும் நான் சொன்னேன். கேட்டு முடித்தபின், "பரண்ல வச்சு என்ன செய்ய? தண்ணி மொண்டு வையி" என்றார்.

திரும்பி வந்த அன்றே குடத்தை இறக்கிப் புளி போட்டுத் துலக்கி, குடிதண்ணீர் நிரப்பினேன். அன்று முதல் அது எங்கள் வீட்டில் நாள்தோறும் பயன்படுகிறது. அத்தை இரண்டு ஆண்டுகள் கழித்து மறைந்தார்.

நாங்கள் பெட்டிக்காகக் காத்திருந்தது ஐந்து மாதம். அதற்கு ஊரே சாட்சி. ஆனால் அக்கரையில் ஒருத்தி, பெட்டி போய்ச் சேர்ந்த செய்திக்காகக் காத்திருந்ததை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. அப்பத்தா கல்மனத்தினர் அல்லர். குடத்தை ஏற்றுக்கொள்ளாதிருந்தால் மகளை இழக்காதிருக்கலாம் என்று நினைத்தார். அவருடைய அன்பே மகளின் வாட்டத்துக்குக் காரணமாயிற்று. தந்தையாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். பத்து வயதிலேயே எழுதப் படிக்கத் தெரிந்திருந்த நானும் எழுதியிருக்கலாம்.

என் மகளின் பெட்டிகள் ஏறக்குறைய இரண்டரை மாதத்தில் மெல்போர்ன் போய்ச் சேர்ந்தன. மரப்பொருள்களை அந்நாட்டார் பூச்சி உண்டா என்று ஆராய்ந்தே கொடுப்பார்களாதலால் சில நாள் கூடுதலாயிற்று. அவள் மகிழ்ச்சியோடு எனக்குச் சொன்னபோது, "உன் மாமியார் கொடுத்த இட்லிக் கொப்பரை வந்ததா?" என்று கேட்டேன். வந்தது என்றாள். "அவர்களிடம் சொன்னாயா?" என்றேன். "அது என்னம்மா, இவ்வளவு சின்னச் செய்தியை..." என்றாள். "இப்போதே சொல்" என்று தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சம்பந்தியம்மா பேருந்தேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கொப்பரை வந்து சேர்ந்துவிட்டதாம். முதல் ஈடு ஊற்றிவிட்டாளாம்" என்றார். நான் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு அவருக்குக் கொடுத்தேன்.

கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பியிருக்கும் பெற்றோரும், கடல் கடந்து சென்றிருக்கும் பிள்ளைகளும் இப்பக்கத்தைப் படிக்கக்கூடும். உங்கள் பெட்டிக்குள் யாரேனும் எதையேனும் வைத்திருந்தால், அது வந்து சேர்ந்தது என்று அவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.